நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

சல்லடையை மாட்டிய புதன்கிழமையே அது ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குறை சொன்னது. அதில் ஆயிரத்துச் சொச்சம் இல்போவின் கைவேலை.

சல்லடை என்பது இல்போ வைத்த பெயர். அந்தக் கருவியின் சொந்தப் பெயரை வாயால் சொல்ல அவர் மறுத்துவிட்டார். நிரலை ஓட்டிப் பார்க்காமலே, வரிவரியாக வாசித்து, இங்கே ஓட்டை, அங்கே விரிசல் என்று சொல்வது அதன் வேலை. பத்திரம் வாசிக்கிற வக்கீல் குமாஸ்தா மாதிரி வாசிக்கும். மரத்தடி என்ன கனம், சங்கிலி எப்படி உறுமும், பனியில் பிரேக் கட்டை எப்படி வழுக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நிரலின் பெயர் உய்த்தோ. பெரிய நிறுவனங்கள் விற்கும் கட்டுப்பாட்டு மென்பொருளை வாங்க வக்கில்லாத ஒன்பது மர அறுவை மில்கள் அதை வைத்துத்தான் சங்கிலி ஓட்டின. எட்டு மில்கள் பின்லாந்தில், ஒன்று கடல் தாண்டி எஸ்தோனியாவில். ஏரியிலிருந்து எடுத்த மரத்தடிகளை அறுவைக் கூடத்துக்கு மேலே இழுத்துப் போகும் சங்கிலி அது. திறந்த மூல நிரல் என்பதால் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் திருத்தம் உள்ளே சேர வேண்டுமானால் இரண்டு பேரில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் இல்போ. முப்பத்தாறு வருஷம் ஹாப்பகோஸ்கி மில்லில் மெக்கானிக்காக இருந்து, இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவர். மில் கணினி வாங்கிய புதிதில் யாரும் அதைத் தொடப் பயந்தபோது, காப்பி இடைவேளைகளில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நிரல் எழுதக் கற்றவர். இன்னொருவர் துய்ரெ. அதே மில்லில் எலக்ட்ரீஷியன். நாற்பத்து நான்கு வயது.

சல்லடையைக் கொண்டுவந்தது துய்ரெ. ஆசைப்பட்டு அல்ல. மில்களுக்குக் காப்பீடு கொடுக்கும் நிறுவனம் கடிதம் போட்டிருந்தது: மே முதல் தேதியிலிருந்து, கையால் எழுதிய கட்டுப்பாட்டு நிரலில் எந்தத் திருத்தம் சேர்ந்தாலும் அது இப்படிப்பட்ட கருவியின் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிரலை வைத்துச் சங்கிலி ஓட்டக் கூடாது. சங்கிலி ஓடாவிட்டால் மில் ஓடாது.

ஓய்வு பெற்றாலும் இல்போ காப்பிக்கு மில்லுக்குத்தான் வருவார். புதன்கிழமையும் வந்தார். துய்ரெ திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஆயிரத்து முந்நூறா?" என்றார். "என் பொண்டாட்டி முப்பத்தெட்டு வருஷமா சொன்ன குத்தத்தை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராதே."

"அவங்க எண்ணாம விட்டிருப்பாங்க" என்றான் எசா. எசா துய்ரெயின் அண்ணன், ஒரு வயது மூத்தவன். மில்லின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவன். இடது காலை நீட்டி இன்னொரு நாற்காலியில் போட்டிருந்தான். முட்டிக்குக் கீழே அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும்.

"நீ சும்மா கெட. ஏம்மா துய்ரெ, இதையெல்லாம் இப்ப யாரு சரி பண்றது?"

"யாரும் பண்ண வேணாம். பழசை எல்லாம் ஒரு கோப்புல கட்டி வச்சிட்டேன். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், இதைப் பத்தி வாயத் திறக்காதேன்னு சல்லடைகிட்ட சொல்லியாச்சு. இனிமே புதுசா யாராவது தப்பு பண்ணினாத்தான் கத்தும். தப்பு இல்லன்னா பச்சை டிக் போடும்."

"பழசு?"

"எல்லா எடத்துலயும் இப்படித்தான் பண்றாங்க. இல்லன்னா பழசைத் தீக்கவே மூணு வருஷம் ஆகும். மே ஒண்ணுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு."

இல்போ இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிட்டுக் காப்பியில் தோய்த்தார். "ஆகமொத்தம் பொதைச்சுட்டே."

"பொதைக்கல. ஒதுக்கி வச்சிருக்கேன்."

"பொதைக்கிறதுக்கு முன்னாடி முகத்தையாவது பாத்தியா? யாரு கெடக்குறதுன்னு?"

துய்ரெ பார்த்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எஸ்தோனியாவிலிருந்து ரைவோ ஒரு திருத்தம் அனுப்பினான். அந்த மில்லில் மின்வேலை எல்லாம் அவன்தான். சங்கிலியின் வேகத்தை அளக்கும் சென்சாரின் கம்பியில் ஈரம் இறங்கி, அது திடீர் திடீரென்று கன்னாபின்னாவென்று எண் அனுப்புகிறது. நிரல் அதை நம்பி, சங்கிலி பறக்கிறது என்று நினைத்துப் பிரேக்கைப் போட்டுவிடுகிறது. ஒரு ஷிப்டில் நான்கைந்து தடவை வேலை நிற்கிறது. புதுக் கம்பி வர ஆறு வாரம் ஆகும். அதனால், ஐயாயிரத்துக்கு மேல் எந்த எண் வந்தாலும் அது சென்சாரின் உளறல் என்று தள்ளிவிடலாம் என்பது அவன் திருத்தம். மூன்றே வரி. கீழே எழுதியிருந்தான்: "சங்கிலி ஓடுறது நொடிக்கு அறுபது சென்டிமீட்டர். ஐயாயிரம் ஓடினா அது சங்கிலி இல்ல, ராக்கெட். ராக்கெட்டுக்கு நம்ம பிரேக் போதாது."

துய்ரெ சிரித்தாள். மேலே பச்சை டிக் இருந்தது. சல்லடை ஒரு குறையும் சொல்லவில்லை. அறுவைக் கூடத்தில் ஒரு மோட்டார் கருகிய வாடை வருகிறதென்று யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். மதியம் இரண்டு ஆறுக்குத் திறந்தாள், இரண்டு பத்துக்கு ஒப்புதல் என்று பொதுப் பக்கத்தில் பதிந்திருக்கிறது. சல்லடை வருவதற்கு முன்பு பிரேக்கைத் தொடும் திருத்தம் எதுவானாலும் அவள் இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொள்வாள். காகிதத்தில் படம் போட்டுப் பார்ப்பாள்.

சனிக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். இல்போ சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கட்டி வைத்த மூட்டையைத் திறந்தாள். ஆயிரத்து முந்நூறையும் வாசிக்க முடியாது. சல்லடை தன் கணக்கில் மிக மோசமானவை என்று சிவப்புப் போட்டிருந்தது பத்தொன்பது. அவற்றை மட்டும் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். முதல் பத்தும் வெறும் அழுக்கு. வேலை செய்யும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

பதினொன்றாவது இப்படி இருந்தது: "வரி 412. இந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது."

அந்த வரியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. மனப்பாடம்.

பதினாறு வருஷம் முன்பு, பிப்ரவரியில், மோட்டாருக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்த இணைப்பு உடைந்தது. பதினான்கு மரத்தடிகளோடு மேலே போய்க்கொண்டிருந்த சங்கிலி அப்படியே பின்னால் இறங்கியது. எசா கீழே நின்று, சங்கிலிப் பல்லில் சிக்கிய பட்டையைக் கொக்கிக்கழியால் எடுத்துக்கொண்டிருந்தான். அவனை வெளியே இழுத்தது இல்போ. அந்த ஷிப்டின் மெக்கானிக் அவர்தான். அந்தக் குளிர்காலமே அவர் இந்த வரியை எழுதினார்: வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதாவது சங்கிலி பின்னால் போக ஆரம்பித்தால், பிரேக்கைப் போடு. இல்போ எந்த வரிக்கும் காரணம் எழுதுகிற ஆள் இல்லை. நிரல் முழுக்கத் தேடினாலும் விளக்கம் கிடைக்காது. இந்த ஒரு வரியைச் சேர்த்தபோது மட்டும் குறிப்பில் ஒரு சொல் போட்டிருந்தார். "எசா."

கட்டைக்கால் பொருத்தி எசா திரும்ப வேலைக்கு வந்த அன்று, கேட்டருகே நின்று இல்போ சொன்னதும் ஒரே வாக்கியம்தான். "இனிமே அது பின்னால போகாது."

துய்ரெ நாற்பது வரி மேலே போய்ப் பார்த்தாள். வேகத்தை வைத்துக்கொள்ள இல்போ ஒதுக்கிய இடம், கழித்தல் குறியை ஏற்காத இடம். அதில் பூஜ்யமும் அதற்கு மேலும்தான் நிற்கும். சங்கிலி பின்னால் போய், கழித்தல் மூன்று என்று சென்சார் சொன்னால், அந்த இடத்தில் அது அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்து மூன்று என்று உட்கார்ந்துகொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. போகாத ஒன்றைப் போனால் பிடி என்று காவல் வைத்திருந்தார் இல்போ. பதினாறு வருஷமாக அந்தக் காவல்காரன் பூட்டிய அறைக்குள் நின்றுகொண்டிருக்கிறான்.

இந்தப் பிழை நிரல் கற்கிற எல்லோரும் முதல் வருஷத்தில் செய்வது. புத்தகம் பார்த்துக் கற்றவனுக்கு யாரும் தலையில் குட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் துய்ரெ? தன் அண்ணன் பேர் போட்ட வரியை நூறு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தாளே தவிர வாசித்ததில்லை.

மடிக்கணினியைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இல்போ கொட்டகை முன்னால் பிர்ச் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கோடரியைக் கீழே வைக்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பொய்" என்றார்.

"எது பொய்?"

"உன் சல்லடை. அதுக்குப் பொறவு ரெண்டு தடவை சங்கிலி பின்னால போயிருக்கு. ரெண்டாயிரத்துப் பதினாலுல ஒண்ணு, பத்தொம்பதுல ஒண்ணு. ரெண்டு தடவையும் பிரேக் விழுந்துச்சு. என் கண்ணால பாத்தேன். சத்தம் இன்னும் காதுல இருக்கு."

"விழுந்திருக்க முடியாது, இல்போ. நான் மூணு தடவை வாசிச்சுட்டேன்."

"வாசிச்சியா. நான் அங்க நின்னேன்மா." கோடரியை எடுத்து ஒரு கட்டையைப் பிளந்தார். அது தேவைக்கு மேல் தூரம் போய் விழுந்தது. "இதைப் பொதுப் பக்கத்துல போடப் போறியா?"

"போட்டுத்தான் ஆகணும்."

"இன்சூரன்ஸ்காரன் படிப்பான்."

"தெரியும்."

"ஒம்பது மில்லு. எழுதினது யாருன்னு பேரு போட்டிருக்கும்."

"அதுவும் தெரியும். பேரைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. கீழ நிக்கிற ஆளைப் பத்தித்தான் கவலை. பிரேக் விழுமா விழாதா, எனக்கு அது தெரியணும்."

"விழும்."

"அப்ப நாளைக்குப் பாப்போம். சங்கிலியைப் பின்னால விடுவோம். மில்லு சாவி எசாகிட்ட இருக்கு."

இல்போ மறுக்கவில்லை. அடுத்த கட்டையைத் தூக்கி நிறுத்தினார். அதைப் பிளக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் மில்லில் இருந்தார்கள். கீழே சங்கிலிக் குழிப் பக்கம் யாரும் போகாமல் வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைத் துய்ரெ தன் பையில் போட்டுக்கொண்டாள். மோட்டாரின் இணைப்பைக் கழற்றினார்கள். நான்கு மரத்தடிகளை, பாதி ஏற்றத்தில், சங்கிலி மேல் உட்கார வைத்தார்கள். இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் மட்டும்தான்.

"நிலைமையைப் பாரு" என்றான் எசா, கட்டுப்பாட்டு மேசைமுன் உட்கார்ந்தபடி. "பதினாறு வருஷம் கழிச்சு இதே சங்கிலியை என் கையாலயே பின்னால விடச் சொல்றீங்க. சர்ச்சுக்குப் போயிருந்தா இந்நேரம் தூங்கிட்டிருப்பேன்."

"நீ சர்ச்சுக்குப் போயி எத்தனை வருஷம் ஆச்சுடா?" என்றாள் துய்ரெ.

"இன்னைக்குப் போயிருப்பேன்."

பிரேக்கை விடுவித்தான். சங்கிலி முனகியது. ஒரு முழம் இறங்கியது. உடனே மேலே தடால் என்று பிரேக் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மரத்தடிகள் ஆடி நின்றன.

இல்போ சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. மூக்கால் ஒரு மூச்சு விட்டார். "கேட்டுச்சா? இதைத்தான் சொன்னேன். உன் சல்லடையைக் கொண்டுபோயி மாவு சலிக்கச் சொல்லு."

துய்ரெ திரையில் பதிவை இறக்கிப் பார்த்தாள். பிரேக் எப்போது விழுந்தாலும் நிரல் ஒரு வரி எழுதி வைக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"காரணம்: மிகை வேகம்."

"என்னது?"

"பின்னால போகுதுன்னு விழல, இல்போ. முன்னால ரொம்ப வேகமா போகுதுன்னு நெனைச்சு விழுந்திருக்கு. கழித்தல் மூணு அறுபத்தையாயிரமா மாறிடுச்சு. இருநூறுக்கு மேல போனா பிரேக் போடுன்னு இன்னொரு வரி இருக்குல்ல, கீழ? அதுதான் பிடிச்சிருக்கு. பதினாலுலயும் அதான், பத்தொம்பதுலயும் அதான்."

இல்போ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வாசித்தார். அந்த இருநூறு வரியும் அவர் எழுதியதுதான். வேறு எதற்கோ எழுதியது. தற்செயலாக அது பதினாறு வருஷம் இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது.

"சரி" என்றார் கடைசியில். "எதுக்கு விழுந்தா என்ன. விழுந்துச்சுல்ல. கால் இருக்குல்ல."

"ஒரு கால்" என்றான் எசா.

துய்ரெயின் கை சுட்டியில் அப்படியே நின்றுவிட்டது. இருநூறுக்கு மேல் போனால் பிரேக். அறுபத்தையாயிரம் இருநூறுக்கு மேல். ஐயாயிரத்துக்கும் மேல்.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" என்றான் எசா.

"வெள்ளிக்கிழமை ஒண்ணுக்கு ஒப்புதல் குடுத்தேன்" என்றாள்.

ரைவோவின் திருத்தம் சேர்ந்த புதிய பதிப்பை இறக்கி ஏற்றினாள். அது ஆறு நிமிஷம் எடுத்தது. அந்த ஆறு நிமிஷமும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்போ ரைவோவின் மூன்று வரியைத் தன் போனில் தேடி எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார்.

"விடு" என்றாள்.

எசா பிரேக்கை விடுவித்தான். சங்கிலி முனகியது. ஒரு முழம் இறங்கியது. இரண்டு முழம். பிறகு முனகல் நின்று ஓட்டம் ஆரம்பித்தது. திரையில் விளக்கு பச்சையாகவே இருந்தது. வேகம் என்ற இடத்தில், கடைசியாக நம்பத்தக்க எண் என்று நிரல் வைத்துக்கொண்டிருந்த பூஜ்யம் அசையாமல் நின்றது. எசா மேசையின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தான். அது நிரலைக் கேட்காமல் நேராகப் பிரேக்குக்குப் போகும் கம்பி. பிரேக் விழுந்தபோது முதல் இரண்டு தடிகள் குழிக்குள் போய்விட்டிருந்தன. அடித்தளத்திலிருந்து தூசி கிளம்பி ஜன்னல்வரை வந்தது.

எசா எட்டிப் பார்த்தான்.

"நான் நின்ன எடத்தைத் தாண்டி ரெண்டு மீட்டர்" என்றான். வானிலை சொல்கிற குரலில்தான் சொன்னான்.

துய்ரெ ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். பின்லாந்து மில்கள் புதிய பதிப்பைத் திங்கள்கிழமை அவள் வெளியிட்ட பிறகுதான் எடுக்கும். எஸ்தோனிய மில் அப்படியில்லை. ஒப்புதல் கிடைத்தது எதுவோ அது சனிக்கிழமை தானாகவே அங்கே இறங்கிவிடும். ரைவோ அப்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தான். நாளை காலை ஆறு மணிக்கு அங்கே ஷிப்ட்.

ஐந்தாவது தடவை மணி அடித்தபோது ரைவோ எடுத்தான். பின்னால் தட்டு முட்டுச் சத்தமும் ஒரு நாய்க் குரைப்பும்.

"ஞாயித்துக்கெழமை பின்லாந்துக்காரங்க பேசுவீங்களா? உலகம் முடியுதா?"

"ரைவோ, உன் திருத்தத்தை எடு. பழைய பதிப்பைப் போடு. போடாம சங்கிலி ஓட்டாதே."

"ஏன்? நேத்துலருந்து அருமையா இருக்கு. சோதனைக்கு ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவைகூட நிக்கல."

"அதான் பிரச்சனை. நிக்காது. பின்னால போனாலும் நிக்காது. இப்பதான் இங்க விட்டுப் பாத்தோம்."

மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம். பிறகு ரைவோ மெதுவாகக் கேட்டான். "பச்சை விழுந்துச்சே?"

"விழுந்துச்சு."

"நீ ஒப்புதல் குடுத்தே?"

"நான்தான் குடுத்தேன். நாலு நிமிஷத்துல. உன் மேல தப்பு சொல்ல நான் கூப்பிடல. பழைய பதிப்பைப் போடு. சங்கிலி சும்மா சும்மா நிக்கும். நிக்கட்டும்."

"கீழ நிக்கிறது என் மச்சான்" என்றான் ரைவோ. வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். ஐம்பது நிமிஷம் கழித்து ஒரு செய்தி வந்தது. "போட்டாச்சு. பின்னால விட்டுப் பாத்தேன். விழுது." அதுவரை துய்ரெ உட்காரவில்லை.

காப்பி அறையில் எசா காப்பி போட்டான். துய்ரெ மடிக்கணினியைத் திறந்து பொதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். யார் வேண்டுமானாலும் வாசிக்கும் இடம். காப்பீட்டு நிறுவனமும் வாசிக்கும். அவள் எழுதியது நீளமில்லை. ரைவோவின் திருத்தத்தை ஏன் திரும்ப எடுத்தோம் என்று இரண்டு வரி. "பிரேக்கைத் தொடும் திருத்தம் என்று தெரிந்தே, பச்சை டிக்கைப் பார்த்து நான்கு நிமிஷத்தில் ஒப்புதல் கொடுத்தேன். சங்கிலியைப் பின்னால் விட்டுப் பார்க்கவில்லை" என்று ஒரு வரி. கீழே பேர்.

பிறகு நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தாள். நிறுத்தினாள்.

"தள்ளு" என்றார் இல்போ.

அவள் தள்ளிக்கொண்டாள். இல்போ இரண்டு விரலால்தான் தட்டுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் விசைப்பலகையைக் குனிந்து பார்ப்பார். எசா காப்பிக் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தான். அது ஆறிப்போகும்வரை தட்டினார். எழுதி முடித்தது இவ்வளவு:

"வரி 412 நான் எழுதியது. எழுதிய நாளிலிருந்து வேலை செய்யவில்லை. சங்கிலியைப் பின்னால் விட்டால்தான் சோதிக்க முடியும். அதைப் பார்க்க எனக்கு மனமில்லை, அதனால் சோதிக்கவில்லை. இரண்டு தடவை பிரேக் விழுந்ததைப் பார்த்தேன். காரணத்தை வாசிக்கவில்லை. இல்போ."

இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தில் அவர் எழுதிய மிக நீளமான விளக்கம் அதுதான்.

எசா தோளுக்கு மேலாக எட்டி வாசித்தான். "அந்த வரியை எடுத்துட்டு எழுதுவீங்களா? அதுல என் பேரு இருக்கே."

"பேரு இருக்கட்டும். மேல ஒதுக்கின எடத்தைத்தான் மாத்தணும்."

"பதினாறு வருஷமா என் பேருல ஒரு உதவாக்கரை வரி. நான் உதவாக்கரைன்னு ஊரு சொல்றது சரியாத்தான் இருக்கு."

"வாயை மூடிட்டு இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து" என்றார் இல்போ. எசா ஊற்றினான்.

வியாழக்கிழமை காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். துய்ரெ அந்த அழைப்புக்காக மூன்று நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்பது மில்லின் பெயரையும், எந்த மில்லில் எத்தனை பேர் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பெண் பொதுப் பக்கத்தை வாசித்ததாகச் சொன்னாள். வெளிப்படையாக எழுதியது நல்லது என்றாள். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்: ஒவ்வொரு திருத்தமும் கருவியின் சோதனையைத் தாண்டுகிறதா?

"தாண்டுது."

"தவறான திருத்தமும் தாண்டியதா?"

"அதுவும் தாண்டிச்சு. பச்சையோட."

"அப்படியானால் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது" என்றாள் அந்தப் பெண். ஒன்பது மில்லுக்கும் அனுமதி வந்தது. துய்ரெ அந்தத் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபமும் வரவில்லை. மில் ஓடும், அவ்வளவுதான்.

ஆனால் வேலை செய்கிற முறையை மாற்றினாள். யோசனை இல்போவுடையது. மில்லில் ஒரு தடியின் விட்டத்தைக் கண்ணால் சொல்லிவிட்டுத்தான் அளவுகோலை வைப்பார்கள். அளவுகோலை முதலில் பார்த்தவன் கண் பிறகு எதையும் பார்க்காது. அதேபோல, திருத்தத்தைப் பார்க்கிறவர் தன் சொந்த வார்த்தையில், இது சங்கிலியை என்ன செய்யும் என்று எழுதி முடிக்கும்வரை, சல்லடை என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியக் கூடாது. எழுதிய பிறகுதான் பச்சையோ சிவப்போ திறக்கும். அதைச் செய்து முடிக்கத் துய்ரெக்கு இரண்டு நாள் ஆனது. கட்டி வைத்த மூட்டையையும் அவிழ்த்தாள். வாரத்துக்கு முப்பது என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம் ஆகும். இல்போ தன் பங்குக்குத் தினமும் காலையில் இரண்டு வாசிக்கிறார். திட்டிக்கொண்டேதான் வாசிக்கிறார். சிலதற்குக் காரணம் எழுதுகிறார். ஒரு வார்த்தையில்.

புதிய முறையில் முதலில் வந்தது இல்போவின் திருத்தம். நாற்பது வரி மேலே, ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார். கழித்தல் குறிக்கு இடம் விட்டிருந்தார். துய்ரெ இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டாள். காகிதத்தில் படம் போட்டாள். அந்தச் சொல் மாறினால் வேறு எங்கெல்லாம் என்ன மாறும் என்று ஏழு இடம் கண்டுபிடித்து, ஏழையும் பார்த்தாள். ஒன்றில் இல்போ இன்னொரு தப்புச் செய்திருந்தார். திருப்பி அனுப்பினாள். "கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்குறா" என்று எசாவிடம் சொன்னாராம். சரி செய்து மறுபடி அனுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மோட்டார் இணைப்பைக் கழற்றி, நான்கு தடிகளை ஏற்றத்தில் உட்கார வைத்தார்கள். வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைத் துய்ரெ பையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை இல்போ ஜன்னலருகே நிற்கவில்லை. திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

எசா பிரேக்கை விடுவித்தான். சங்கிலி ஒரு சாண் இறங்கியது. தடால்.

யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மூன்று பேரும் பதிவைத்தான் பார்த்தார்கள். இல்போ விரலை வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்தார்.

"காரணம்: பின்னோட்டம்."

பதினாறு வருஷத்தில் அந்த நிரல் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

"இன்னொரு தடவை விடு" என்றார் இல்போ.

எசா விட்டான்.